சந்தைச் சரக்கிலிருந்து வீட்டுக் கைவேலைக்கு: திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஓவியமும் பின்னலும்

திருச்சிராப்பள்ளியின் கைத்திறனைப் பற்றி எழுதுவோர் உறையூரிலிருந்து தொடங்குவது வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியும் வெளிப்பட்டது. இக்கட்டுரையின் கேள்வி அதற்கு வெகுகாலம் பிற்பட்டது. வெளியூருக்கு விற்பதற்காக இங்கே செய்யப்பட்ட ஓவியமும் பின்னலும், விலை கருதாமல் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளாக எவ்வாறு மாறின?

19-ஆம் நூற்றாண்டில் திருச்சி பெரிய படைத்தளம். அங்கிருந்த ஆங்கிலேயருக்காக உள்ளூர் ஓவியர்கள் மைக்காத் தகடுகளில் படம் எழுதினார்கள். முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகியவற்றோடு திருச்சியும் இக்கலைக்குப் பேர்பெற்ற ஊர். சலவைக்காரர், சிப்பாய், குடம் சுமக்கும் பெண், சுவாமி ஊர்வலம் எனத் தெருவில் கண்டதெல்லாம் கையகலத் தகட்டில் ஏறியது. மைக்கா வண்ணத்தை உறிஞ்சாது. அதனால் கெட்டியாகக் குழைத்த வண்ணம் மேலேயே படிந்து மின்னும். நாளடைவில் உரிந்தும் போகும். சில தொகுப்புகளில் முகம் மட்டும் ஓர் அட்டையில் இருக்கும். உடைகள் தீட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தால் அதே முகம் வேறு வேறு தொழிலாளியாக மாறும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இத்தகைய மைக்கா ஓவியங்களை இன்றும் காணலாம். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பட்டியலில் சலவைக்காரரின் தொழில் பதிவாகியிருக்க, அவரை வரைந்தவர் விடுபட்டுப் போயிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். 1860-களுக்குப் பின் புகைப்படம் பரவியதும் இந்தச் சந்தை சுருங்கியது.

பின்னலின் கதை இன்னும் வியப்பானது. திருச்சிப் பொற்கொல்லர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் மெல்லிய கம்பியைக் கொண்டு பின்னிய சங்கிலிகள் அன்றைய ஐரோப்பியரிடம் பெரும் புகழ் பெற்றவை. ஒரு கம்பியை வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக் குழல்போல் பின்னிச் செல்லும் வேலைப்பாட்டை ஐரோப்பியத் தொல்லியலார் 'திரிச்சினோப்பொலி' என்றே அழைத்தார்கள். 1774-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிடைத்த ட்ரூவிடில் புதையலில், ஒன்பதாம் நூற்றாண்டு வெள்ளிச் சாட்டை ஒன்று இப்படிப் பின்னப்பட்டது. அதைச் செய்தவர் நம் ஊரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். கம்பளி நூலால் காலுறை பின்னுவதும் அமைப்பில் இதற்கு நெருங்கியதுதான்.

ஆனால் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து பின்னல் நேராகக் கூடத்துக்கு வரவில்லை. பள்ளி வழியாக வந்தது. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், பின்னர் இடையன்குடியில் எலிசா கால்டுவெல் ஆகியோர் பெண்களுக்கு லேஸ் வேலை கற்பித்தார்கள். அது கூலிக்கான வேலை. அடுத்து வந்த பெண்கள் பள்ளிகளில் ஊசிவேலை பாடமாயிற்று. தையலுக்கும் ஓவியத்துக்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் உண்டாயின. திருச்சியில் 1923-இல் ஹோலி கிராஸ் கல்லூரி, 1951-இல் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி எனப் பெண்கல்வி வளர்ந்தது. 1928-இல் பொன்மலை ரயில்வே பணிமனை வந்து, மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகின. படித்த பெண், நிலையான வருமானம், பிற்பகல் ஓய்வு ஆகிய மூன்றும் கூடிய வீட்டில்தான் குரோஷா ஊசியும் நிட்டிங் ஊசியும் பொழுதுபோக்காக நிலைத்தன என்பது என் முடிவு. திருச்சி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்கலாம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குக் குல்லாயும் சாக்ஸும், வடக்கே வேலைக்குப் போன மகனுக்கு ஸ்வெட்டரும் பின்னியவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நூல் கிடைக்காத வீடுகளில் அதே விரல்கள் பிளாஸ்டிக் ஒயரில் கூடை போட்டன. ஒயர் கூடையையும் இவ்வரலாற்றில் சேர்க்காவிட்டால் அது வசதிபடைத்தோர் வரலாறாகவே முடியும்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஓவியம் நுழைந்த வழி வேறு. மார்கழி வாசல் கோலத்தில் கை பழகிய பெண்களுக்கு, ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் புதிய தளம் ஆயின. அச்சுப் படத்து லட்சுமிக்கு வெல்வெட்டில் புடவை வெட்டி ஒட்டி, சரிகைக் கரை வைத்து, ஜமிக்கியும் பாசிமணியும் பதித்துக் கண்ணாடிச் சட்டமிடுவது தமிழகம் முழுவதும் இருந்த கைவேலை. நவராத்திரிக் கொலுவுக்கு மரப்பாச்சியை உடுத்தி அலங்கரித்த கைகளுக்கு இது எளிதில் வசப்பட்டது. கலை வரலாற்று நூல்கள் இதை அச்சுப்படத்தின் துணுக்குச் செய்தியாகவே தாண்டிச் செல்கின்றன. நான் இதை வீட்டோவியத்தின் தொடக்கமாகவே கொள்கிறேன். முகம் மட்டும் அச்சகத்துடையது. உடையும் நகையும் வீட்டாருடைய தேர்வு. இன்று வீடுகளில் கற்றுத்தரப்படும் தஞ்சாவூர் ஓவியமும் இதே மனப்போக்கின் நீட்சி. பலா மரப்பலகைக்குப் பதில் பிளைவுட் வந்திருக்கிறது; சுண்ணப்பொடியும் பிசினும் குழைத்து மேடு கட்டிக் கல் பதித்துப் பொன்தாள் ஒட்டும் முறை மாறவில்லை.

மைக்காத் தகடு ஊரைவிட்டுப் போனதால் லண்டனில் பாதுகாக்கப்பட்டது. வீட்டிலேயே தங்கிய ஜமிக்கிப் படங்களுக்கும் குரோஷா விரிப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகள் இடித்துக் கட்டப்படும்போது முதலில் பழைய சாமான் கடைக்குப் போவது இவைதான். செய்தவர்களில் பலர் இன்னும் எண்பது வயதைத் தாண்டி நம்மிடையே இருக்கிறார்கள். சட்டத்தின் பின்பக்கம் அவர்கள் பெயரும், செய்த ஆண்டும், யாரிடம் கற்றார்கள் என்பதும் எழுதி ஒட்டும் பணியை உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்தத் தலைமுறையிலேயே தொடங்க வேண்டும்.