பிணியின் அளவும் கத்தியின் எல்லையும்

நோயுற்றவன் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றனையும் கருதியே மருத்துவன் செயலாற்றுக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இவற்றுள் நோயின் அளவை அறிதல் எத்துணை அரிது என்பதை மலக்குடற் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் வரலாறு நன்கு விளக்கும்.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 'இரண வைத்தியம்' முதலிய நூல்களையும் தமிழுக்குத் தந்தார். அந்நூற்றாண்டில் மலக்குடற் புற்றை அறுத்தோர், பெரும்பாலும் உடலின் கீழ்ப்புறமாகக் கைக்கு எட்டிய பகுதியை மட்டுமே அகற்றினர். நோயோ மீண்டும் மீண்டும் தோன்றிற்று.

அதன் காரணத்தை ஆராய்ந்தவர் இலண்டன் நகரத்து ஏர்ணஸ்ற் மைல்ஸ் என்பவர். அவர் அவ்வாறு அறுத்த 57 பேருள் 54 பேருக்கு நோய் மீண்டது. இறந்தோர் உடல்களைச் சோதித்த அவர், குடலைச் சூழ்ந்த நிணநீர்க்கணுக்களின் வழியாகப் புற்று மேலும் கீழும் பக்கவாட்டிலும் பரவுதலைக் கண்டார். ஆதலின் குடலையும் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் பேரறுவையை 1908இல் வெளியிட்டார். அதனால் நோய் மீள்வது குறைந்தது. ஆயினும் பிழைத்தோர் இயற்கை மலவாயிலை இழந்து, வயிற்றில் அமைத்த செயற்கை வாயிலோடு வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது. கணுக்கள் நோயுற்றனவோ அல்லவோ என்பதை முன்னறியும் வழி அன்று இல்லை.

1932இல் கத்பேட் டியூக்ஸ், கணுக்களிற் புற்றுப் பரவிய நிலையைத் தனி வகையாகப் பிரித்தார். எனினும் இஃது அறுத்தெடுத்த குடலை ஆராய்ந்து பின்னர்ப் பெறும் அறிவேயாம். 1982இல் பில் ஹீல்ட், குடலைச் சுற்றிய கொழுப்புறையைக் கணுக்களோடு கிழியாமல் முழுமையாக எடுக்கும் முறையை விளக்கினார். அதனாற் பலருக்கு மலவாயிலைக் காத்தல் இயல்வதாயிற்று.

இன்று எம். ஆர். ஐ. என்னும் காந்தப் படம் அறுவைக்கு முன்னரே கணுக்களைக் காட்டுகின்றது. ஆனால் அளவு மட்டும் சான்றாகாது. பருத்த கணு வெறும் அழற்சியால் வீங்கியிருத்தல் கூடும். சிறு கணுவில் நுண்ணிய புற்று ஒளிந்திருத்தலும் கூடும். ஆதலின் கணுவின் விளிம்பு ஒழுங்கற்றதா, உட்பகுதி ஒருதன்மைத்தா என்பனவும் நோக்கப்படும். இம்மதிப்பீட்டைக் கொண்டே முதலிற் கதிர்ச் சிகிச்சை அளிப்பதா, சிற்றறுவை போதுமா, பக்கக் கணுக்களையும் அகற்றுவதா என மருத்துவர் துணிகின்றனர். மிகையாக மதிப்பின் வேண்டா அறுவையும், குறைவாக மதிப்பின் நோயின் மீட்சியும் விளையும்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால், அச்சுவேலிக்கு மேற்கே தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஆயினும் அச்சுவேலித் தோட்டங்களிற் குனிந்து நிமிர்ந்து உழைக்கும் கமக்காரன் ஒருவன், மலத்தோடு குருதி கலந்து வருதலை மூலநோயென்று எண்ணி நாள் கடத்துவானாயின், எப்படமும் அவனுக்குச் சிற்றறுவையைத் தரமாட்டாது. நோயின் அளவை அறிதல் மருத்துவர் கடன். காலத்தை இழவாமை நோயுற்றார் கடன் என்க.