துண்டு முறையும் தோட்டத் தொழிலாளர் கடனும்

கடனிறுக்க வகையற்றோர் நீதிமன்றத்தை நாடித் தம் சொத்துக்களை ஒப்படைத்துக் கடனினின்றும் மீட்சி பெறும் வழியை, இலங்கையில் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. வணிகர்க்குப் பயன்பட்ட இவ்வழி தோட்டத் தொழிலாளருக்கு எட்டாததாகவே இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த பயணச் செலவே அவர்தம் முதற் கடனாயிற்று. கங்காணி வழங்கிய முன்பணம் அதனைப் பெருக்கிற்று. 'துண்டு' எனப்பட்ட சீட்டு இக்கடன் தொகையைக் குறித்தது. அத்தொகையைச் செலுத்த முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளர் மாறமுடிந்தது. அவ்வாறு மாறியபோதும் கடன் தீரவில்லை, கடன்கொடுத்தோரே மாறினர். 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே, கடன் மீட்சியின் வரலாற்றைச் சட்டப் பிரிவுகளில் மட்டுமன்றி, அச்சட்டத்தின் வாயிலை அடைய முடியாதோர் வாழ்விலும் தேடுதல் வேண்டும்.