நயா பைசாவும் நான் தொலைச்ச 35 பைசாவும்

நாமக்கல்ல ஒரு முட்டை வியாபாரியோட வெப்சைட்டை நான்தான் பாத்துக்கறேன். ஒருநாள் காலைல, சைட் ஓடிட்டிருக்கும்போதே டேட்டாபேஸ்ல விலை ஃபீல்டை மாத்தினேன். ரூபாய்ல இருந்ததை முழுப் பைசாவா ஆக்கணும். முதல்ல 100-ஆல பெருக்கியிருக்கணும். நான் முதல்ல முழு எண்ணா மாத்திட்டேன். 4.35 வெறும் 4 ஆயிருச்சு. லட்சம் முட்டைக்கு 35,000 ரூபாய் அம்பேல்! ராத்திரி எடுத்த பேக்கப் காப்பாத்துச்சு. ஆனா காலைல வந்த ஆர்டரையெல்லாம் திரும்பக் கையால ஏத்த வேண்டியதாப் போச்சு.

சாயங்காலம் அப்பிச்சிகிட்ட புலம்பினேன். "அட போ கண்ணு, நாங்க அணாவையே மாத்துனவங்க" அப்படின்னார்.

1957-ல அவங்கய்யாவுக்கு ராசிபுரத்துல மளிகைக் கடை. அப்ப அது சேலம் ஜில்லா. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. இதை 100 பைசாவா மாத்த 1955-லயே சட்டம் போட்டாச்சு. அமலுக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. கடையைச் சாத்திட்டு மாத்தற சமாச்சாரமா இது? நாடு முழுக்க வியாபாரம் ஓடிட்டே இருக்கணும்.

என்ன செஞ்சாங்க தெரியுமா? ரூபாயைத் தொடவே இல்லை. அரை ரூபாய் 50, கால் ரூபாய் 25ன்னு சரியா உக்காந்துக்கிச்சு. பழைய காசைச் செல்லாதுன்னு சொல்லாம, பக்கத்துலயே 1, 2, 5, 10 பைசாக் காசை விட்டாங்க. குழப்பம் வராம இருக்க புதுசுக்கு 'நயா பைசா'ன்னு பேர். ஜனங்களுக்குப் பழகின பிறகு, 1964 ஜூன் 1-ல 'நயா'வை எடுத்துட்டாங்க.

சிக்கலும் இருந்துச்சு. ஓரணாங்கறது 6.25 பைசா. கால் பைசாக் காசு ஏது? அதனால 6. ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. நாலு ஓரணாவைத் தனித்தனியா மாத்தினா 24தான், ஒரு பைசா போச்சு! "மொத்தமாக் கூட்டிட்டு அப்புறம் மாத்து"ன்னு அவங்கய்யா சொல்லுவாராம்.

ஓடுற டேட்டாபேஸுக்கும் இதேதான் வழி. பழைய ஃபீல்டை விட்டுட்டு, பக்கத்துல புது ஃபீல்டு சேக்கணும். கொஞ்ச நாள் ரெண்டுலயும் எழுதணும். பழைய கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்; ஒரேயடியா மாத்தினா டேபிள் லாக் ஆகி சைட் நின்னுரும். ரெண்டு பக்கமும் மொத்தத்தைக் கூட்டி ஒப்பிட்டுப் பாத்து, அப்புறம் புதுசுலருந்து படிக்கணும். பழசை அழிக்கறது கடைசி வேலை. அதுவரைக்கும் எந்த இடத்துலயும் திரும்பி வந்துரலாம். நான் கடைசி வேலையை முதல்ல செஞ்சேன், அவ்ளோதான் :-)

போன வாரம் அதே விலை ஃபீல்டை இந்த முறைல மாத்தி முடிச்சேன். வியாபாரிக்கு மாத்தினதே தெரியலை.

பி.கு.: 25 பைசாக் காசு 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சு. அப்பிச்சி வாயில மட்டும் 'நாலணா' இன்னும் செல்லுது. சில பழைய ஃபீல்டுகளை யாராலயும் அழிக்க முடியாதுங்க!