வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் சொல்

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். அத்தா ஜும்ஆ முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றி டிவி மேல் வைப்பார். காரைக்கால் பக்கத்துப் பேச்சு மாறாத நன்னி, சோற்றுத் தட்டை நகர்த்திக்கொண்டே கேட்பார்: "இன்னிக்கி என்ன பயான் பண்ணுனாஹ?"

அத்தாவின் பதில் ஒரு வரியைத் தாண்டியதில்லை. "பொறுமையப் பத்தி." "பெத்தவங்களப் பத்தி." "வட்டி வாங்கக் கூடாதாம்." அதோடு சரி. அடுத்து ரசம்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு மனிதர் பேசியிருக்கிறார், சில நூறு பேர் கேட்டிருக்கிறார்கள், வீடு வந்து சேர்வது மூன்றே சொல். இது அத்தாவின் சோம்பேறித்தனம் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். நன்னியும் அம்மாவும் நானும் வீட்டில் லுஹர் தொழுபவர்கள். பள்ளிவாசல் மூன்று தெரு தள்ளி இருந்தது. ஒலிபெருக்கியில் காற்று கொண்டுவந்த அளவுக்குத்தான் எங்களுக்குக் குத்பா. மிச்சத்துக்கு அத்தாவை நம்பியிருந்தோம்.

பிறகு வரலாறு படிக்கப் போனபோது, 'வெள்ளிக்கிழமைப் பேச்சில் இருந்து மனிதர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள்?' என்ற நன்னியின் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

*

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் லுஹர் நான்கு ரக்அத். வெள்ளிக்கிழமை அதற்குப் பதிலாக ஜும்ஆ இரண்டு ரக்அத், அதற்கு முன் குத்பா. குத்பா இரண்டு பகுதிகள். நடுவில் இமாம் மிம்பரில் சற்று உட்கார்ந்து எழுவார். இறைவனைப் புகழ்வது, நபிமேல் ஸலவாத்து, இறையச்சத்தை வலியுறுத்துவது, ஒரு குர்ஆன் வசனம், மூமின்களுக்காகத் துஆ. ஷாஃபி மத்ஹபின்படி இந்த ஐந்தும் இல்லாமல் குத்பா நிறைவேறாது. ஜும்ஆ நடக்கும் பள்ளிக்கென்றே தமிழில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது: குத்பா பள்ளி. காயல்பட்டினத்தில் குத்பா பெரிய பள்ளி, குத்பா சிறிய பள்ளி என்று இரண்டு இருக்கின்றன.

தமிழ்நாட்டு மரபில் குத்பா அரபியில் ஓதப்படும். அதற்கு முன்னால், குத்பாவில் சேராத ஒன்றாக, ஹஜ்ரத் தமிழில் பேசுவார். அதுதான் பயான். அப்புறம் பாங்கு. மோதினார் அசாக்கோலை எடுத்துக் கொடுத்து, இமாம் பேசும்போது பக்கத்தில் இருப்பவரிடம் 'பேசாதே' என்று சொல்வதுகூட வீண் பேச்சுதான் என்ற நபிமொழியை அரபியில் ஓதும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புரிகிற தமிழ்ப் பயானின்போது ஆட்கள் வருவார்கள், ஒளூ செய்வார்கள், சலாம் சொல்லிக்கொள்வார்கள், தூணில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். புரியாத அரபிக் குத்பாவின்போது ஊசி விழுந்தால் கேட்கும். அர்த்தம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம்.

*

குத்பாவின் நீண்ட வரலாற்றில், கேட்டவர்கள் கூர்ந்து கவனித்த ஒரு விஷயம் அதில் யார் பெயர் வருகிறது என்பது. நாணயத்தில் பெயர், குத்பாவில் பெயர். ஒரு முஸ்லிம் அரசனின் ஆட்சிக்கு இந்த இரண்டும்தான் அத்தாட்சி. ஊருக்குப் புது ராஜா வந்துவிட்டாரா என்பதைச் சாதாரண மனிதன் வெள்ளிக்கிழமை மதியம் தெரிந்துகொள்வான்.

முஸ்லிம் அரசன் இல்லாத நம் கடற்கரைகளில் இது இன்னும் சுவாரசியம். 1290களில் ஏமனை ஆண்ட ரசூலித் அரசு, இந்தியத் துறைமுகங்களின் காஜிகளுக்கும் குத்பா ஓதும் கதீபுகளுக்கும் சன்மானம் அனுப்பிய பட்டியல் இன்றும் கிடைக்கிறது. ஏதனுக்குப் போய்வரும் வணிகர்களின் ஊர்கள் அவை. நூறு ஆண்டு கழித்து, 1393-இல், கள்ளிக்கோட்டை காஜி அதே ஏமன் சுல்தானுக்கு, உங்கள் பெயரைக் குத்பாவில் சொல்ல அனுமதி வேண்டும் என்று எழுதினார். ஊரை ஆள்பவர் சாமூதிரி. பள்ளியில் ஒலிக்கக் கேட்கும் பெயரோ கடலுக்கு அப்பால் உள்ளவருடையது. 1786-இல் திப்பு சுல்தான் முகலாயப் பேரரசரின் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை ஓதச் செய்தார். பின்னர் இந்தியாவின் பல பள்ளிகளில் உஸ்மானிய கலீஃபாவின் பெயர் ஒலித்தது. 1924 மார்ச் 3 அன்று துருக்கி கிலாஃபத்தை ஒழித்தது. அதன்பின் அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு கலீஃபா இல்லை.

பெயர் போனது, வசனம் நின்றது. உமையாக்கள் காலத்தில் மிம்பர்களில் இருந்து அலியைச் சபிக்கும் வழக்கம் இருந்தது. 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் அதை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு குர்ஆன் வசனத்தை ஓதச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90-ஆம் வசனம். சபித்தல் இருந்த இடத்தில் நீதி வந்து உட்கார்ந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்து, லாஸ்பேட்டைக் காற்றில் ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வந்ததும் அதுதான். அந்த ராகம் வந்துவிட்டால் நன்னி அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பார்: "குத்பா முடியப்போவுது, சோத்த வடி."

*

மனிதர்களுக்குப் புரியாத உபதேசம் எதற்கு? இந்தக் கேள்வியும் பழையதுதான். இமாம் அபூஹனீஃபா வேறு மொழியில் குத்பா ஓதுவதை ஏற்றார் என்பதைச் சட்ட நூல்கள் பதிவு செய்கின்றன. அரபி முடிந்தவர் அரபியில்தான் ஓத வேண்டும் என்றார்கள் அவருடைய மாணவர்கள். துருக்கியில் 1932-இல் இஸ்தான்புல் சுலைமானியா பள்ளியில் துருக்கி மொழியிலேயே குத்பா ஓதப்பட்டது. அது மேலிருந்து வந்த அரசாங்க உத்தரவு.

தமிழில் அது பத்திரிகைச் சண்டையாகவும் மேடைச் சண்டையாகவும் வந்தது. 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையின் ஆசிரியர் பா. தாவூத் ஷா, மார்க்கம் தமிழில் புரிய வேண்டும் என்று எழுதி எழுதியே கண்டனங்களைச் சம்பாதித்தவர். அப்துல் ஹமீது பாகவியின் முழுமையான தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1949-இல் வெளிவந்தது. 1980களுக்குப் பிறகு தவ்ஹீத் இயக்கத்தினர் தங்கள் பள்ளிகளில் குத்பாவையே தமிழில் ஆற்றினார்கள். புகழும் ஸலவாத்தும் வசனமும் அரபியில், பேச்சு தமிழில். பெண்களுக்கும் அங்கே இடம் ஒதுக்கினார்கள். எதிர்த்தவர்களை வெறும் பழைமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. காரைக்காலில் ஓதினாலும் கெய்ரோவில் ஓதினாலும் ஒரே ஓசை இருக்கட்டும், விளக்கத்துக்குத்தான் பயான் இருக்கிறதே என்றார்கள். இரண்டு தரப்பையும் நான் படித்திருக்கிறேன். இரண்டிலுமே, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

*

அந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் என் அத்தா.

நன்னா மவுத்தானபோது மிச்சம் விட்டது இந்த லாஸ்பேட்டை வீடும் மனையும்தான். வாரிசு மூன்று பேர்: நன்னி, அத்தா, அத்தாவின் அக்காவான என் மாமி. மார்க்கக் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. மொத்தம் 24 பங்கு என்று வைத்தால் நன்னிக்கு 3, அத்தாவுக்கு 14, மாமிக்கு 7. பத்திரத்தில் மாமியின் பங்கு பூஜ்யம். "தம்பிதானே" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சேலையோடு ஊருக்குப் போனார்.

புதுச்சேரியில் இந்தக் கணக்குக்குத் தனி வரலாறே உண்டு. பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, விரும்பியவர்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம். அவர்கள்தான் ரெனோன்சான்கள். அந்தச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968-இல்தான் இங்கே நீட்டிக்கப்பட்டது, அதுவும் ரெனோன்சான்களை விலக்கி. ஆக, ஒரே தெருவில் ஒரு வீட்டு மகளுக்குச் சரிபாதி, அடுத்த வீட்டு மகளுக்குத் தம்பியின் பங்கில் பாதி. 'அதென்ன பாதி?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மாமியின் கையில் இருந்தது அந்தப் பாதிகூட இல்லை. சட்டம் கொடுத்ததை உறவு வாங்கிக்கொண்டது.

நான் பிளஸ் டூ படித்த வருஷம், ஒரு வெள்ளி. அத்தா வந்தார், தொப்பியைக் கழற்றவில்லை. நன்னி வழக்கம்போலக் கேட்டார். அத்தா உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், "குத்பா கடைசியில ஓதுவாஹல்ல, அதுக்கு அர்த்தம் சொன்னாஹ" என்றார். நீதி செய், நன்மை செய், சொந்தக்காரங்களுக்குக் கொடு. நாற்பது வருஷமாக வாரம் தவறாமல் காதில் விழுந்த ராகத்துக்கு அன்றைக்குத்தான் அவருக்குத் தமிழ் கிடைத்திருக்கிறது.

நன்னி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சபியாவுக்கு ஒரு போன் போடு" என்றார். சபியா என்பது மாமி.

அப்படியே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அம்மாவுக்கு இஷ்டமில்லை. என் கல்யாணத்துக்கு என்ன பண்ணுவது என்று இரண்டு மாதம் வீட்டில் சண்டை. மனையை மதிப்புப் போட்டு, 24-இல் 7 என்று கணக்குப் பார்த்து, அத்தா தவணை தவணையாகக் கொடுத்தார். ஐந்து வருஷம் ஆனது. மாமி முதல் தவணையை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவதை வாங்கிக்கொண்டார். "இப்பத்தான் இது எனக்கும் அத்தா வூடு மாதிரி இருக்கு" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

2020 மார்ச் கடைசியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அத்தாவும் எங்களோடு வீட்டில் லுஹர் தொழுதார். ஜன்னலில் ராகம் இல்லை. நன்னி அப்போது இல்லை. பழக்கதோஷத்தில் நான்தான் கேட்டேன்: அன்னிக்கி அந்தப் பயான்ல வேற என்னத்தா சொன்னாஹ?

அத்தா ரொம்ப நேரம் யோசித்தார். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டதும், பக்கத்தில் ஒரு சின்னப் பையன் தூங்கி அவர் தொடையில் சாய்ந்ததும் ஞாபகம் இருந்தன. வேறு எதுவும் இல்லை. "அந்த ஒரு வரிதாம்மா" என்றார்.