வெற்றிலைக்கு எவ்வளவு வெயில் வேணும்?

போன வருஷம் வாடிப்பட்டியிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறும்போது, ஈரத்துணியில் சுற்றி ரெண்டு வெற்றிலைக் கொடித்துண்டு கொண்டு வந்தேன். சோழவந்தான் பக்கம் தாத்தா வைத்திருந்த கொடிக்காலில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். மேற்குப் பால்கனியில் நட்டேன். ஒரே வாரத்தில் இலை வெளுத்து ஓரமெல்லாம் கருகிடுச்சு. பயந்துபோய் ஹாலுக்குள் தூக்கி வைத்தால், இலை சிறுத்து தண்டு நூல் மாதிரி நீண்டது. ஒரு கொடி செத்தே போச்சு.

அம்மாவுக்கு போன் போட்டேன். "ஏண்டா, தாத்தா என்னைக்காவது வெட்டவெளியில கொடி நட்டிருக்காரா? அகத்தி வளந்த பெறகுதான நடுவாரு!"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இஞ்சினியரிங் படிச்சு என்ன புண்ணியம் :-)

வெற்றிலை மிளகின் சொந்தக்காரன். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரத்தடி நிழலில் பிறந்தது. ஆனால் மதுரைச் சமவெளிக்கு எப்பவோ வந்துவிட்டது. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே ஆயர்சேரியில் கோவலனுக்குச் சோறு போட்ட கண்ணகி, கடைசியாகக் கொடுத்தது வெற்றிலை பாக்குதான். 1340களில் மதுரைக்கு வந்த இபின் பதூதாவும் வெற்றிலை பற்றி எழுதியிருக்கிறார்: திராட்சை மாதிரி பந்தலில் ஏற்றுவார்களாம், இல்லாவிட்டால் தென்னையில் படர விடுவார்களாம்.

நம்ம வெயிலில் காட்டுக்கொடி எப்படிப் பிழைத்தது? நம்ம ஆட்கள் அதுக்காக ஒரு காட்டையே கட்டினார்கள், அவ்வளவுதான். முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்ததும் கொடி நட்டு, கோரையாலோ வாழை நாராலோ கட்டி ஏற்றுவார்கள். அகத்தியின் பொடி இலை வெயிலைச் சல்லடை மாதிரி சலித்து விடும். சுமார் 4 மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டுவார்கள். மழை மூட்டத்தில் கிளையைக் கழித்து வெளிச்சம் கூட்டுவார்கள். கழித்த தழை ஆட்டுக்கு. ஆக, ஒளியைக் கூட்டிக் குறைக்கிற திருகு தாத்தா கையிலிருந்த அரிவாள்தான்!

2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேட்டுச் சந்தோஷப்பட தாத்தா இல்லை, கொடிக்காலும் இல்லை. ஊர்ப் பெயருக்குக் காகிதம் வந்தாச்சு. எப்போ எந்தக் கிளையை வெட்டணும் என்கிற கணக்கை அவரிடம் நான் கேட்டு வைக்கவே இல்லையே.

மிஞ்சின ஒரு கொடி இப்போ கிழக்கு ஜன்னலோரம், வெள்ளை வலைத்திரைக்குப் பின்னால். திரைதான் என் அகத்தி. மப்பாக இருந்தால் விலக்குவேன், வெயில் ஏறினால் இழுத்து விடுவேன்.

போன வாரம் அம்மா வந்தப்போ மூணு இலை கிள்ளிக் கொடுத்தேன். "காரம் பத்தலடா" என்றார்கள். ஆனால் துப்பவில்லை.