குழல்மேல் கடைப்பெயர்: சென்னை வணிகர் பெயர் தாங்கிய பழைய வேட்டைத் துப்பாக்கிகளை இனங்காணலும் மதிப்பிடலும்

முன்னுரை

காலனிய ஆட்சிக்காலத்தில் தமிழக ஜமீன்தார்கள், மிராசுதாரர்கள், தோட்ட உரிமையாளர்கள் ஆகியோரிடம் இருந்த பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கிகள் சிலவற்றின் குழல்மீது ‘பி. ஆர் அண்டு சன்ஸ், சென்னை’, ‘ஓக்ஸ் அண்டு கம்பெனி, சென்னை’ முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இப்பெயர்களைக் கொண்டு அத்துப்பாக்கிகள் சென்னையில் செய்யப்பட்டவை என்று கருதுவோர் உளர். பெயர் பெற்ற கடையின் சரக்காதலால் பெருவிலை பெறும் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரண்டு கருத்துகளும் ஆய்வுக்குரியன. குழலின் மேலுள்ள கடைப்பெயரைவிட அதன் அடியில் மறைந்துள்ள சோதனை முத்திரைகளே நம்பத்தக்க சான்றுகள் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

கடைப்பெயரும் செய்தவர் பெயரும்

பி. ஆர் நிறுவனம் அடிப்படையில் கடிகாரமும் நகையும் விற்ற நிறுவனம். சென்னை மவுண்ட் ரோட்டிலும் ரங்கூனிலும் வாணிகம் நடத்தியது. ஓக்ஸ் நிறுவனமோ பலவகைப் பொருள்களையும் ஒரே இடத்தில் விற்ற பேரங்காடி. இத்தகைய கடைகள் துப்பாக்கிகளை வரவழைத்துத் தம் பெயரைப் பொறித்து விற்றன. அன்று மலிவான துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்த ஊர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமும் பெல்ஜியத்தின் லியேஜும் ஆகும். குழல் செய்பவர், விசைப்பொறி செய்பவர், கட்டை செதுக்குபவர் எனப் பலர் பிரிந்து செய்த வேலை ஒருங்கே சேர்ந்து, இறுதியில் விற்பவர் பெயரைப் பெற்றது. தேசூரிலும் ஆரணியிலும் நெய்த பட்டு, நகரத்துக் கடையின் பெயர் அச்சிட்ட பெட்டியில் விலைபோவதை இதனோடு ஒப்பிடலாம். பெட்டியைக் கண்டு தறியை அறிய இயலாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் ‘ஜே. சி. ஹிக்கின்ஸ்’ என்ற பெயரிலும், மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு’ என்ற பெயரிலும் பிறர் செய்த துப்பாக்கிகளை விற்றன. கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் இயங்கிய கிரெசண்ட் தொழிற்சாலை பல கடைகளுக்காகப் பல பெயர்களில் மலிவுத் துப்பாக்கிகளைச் செய்தளித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் அங்குச் செய்யப்பட்ட மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றில் வரிசை எண்ணும் இல்லை.

முத்திரைகள் தரும் சான்று

குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அதன் பின்முனையின் அடித்தட்டைப் பகுதியைக் காணவேண்டும். பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி சோதனைச்சாலை நிறுவப்பட்டது. அங்கு வழங்கிய, முடிசூடிய குறுக்குச் செங்கோல்களைக் கொண்ட முத்திரைகள் 1904க்கு முற்பட்ட காலத்தைக் காட்டும். 1904 முதல் முடியின்கீழ் பி.வி., பி.பி., என்.பி. ஆகிய எழுத்துகள் வழங்கலாயின. இவற்றுள் என்.பி. என்பது புகையற்ற மருந்துக்குரிய சோதனையில் தேறியதைக் குறிக்கும். 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் அழுத்த அளவு டன் கணக்கில் பொறிக்கப்பட்டது. நீள்வட்டத்துள் இ.எல்.ஜி. எழுத்துகள் இருப்பின் அக்குழல் லியேஜில் சோதிக்கப்பட்டது. அதன்மேல் முடி இருப்பின் 1893க்குப் பிற்பட்டது.

இச்சான்றுகள் காலத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் உணர்த்துகின்றன. இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த, வரியோடிய ‘டமாஸ்கஸ்’ குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்கெனச் செய்யப்பட்டவை. அவற்றில் இக்காலத் தோட்டாவை இட்டுச் சுடுவது குழல் வெடிக்க வழிகோலும். இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கான அறையில் அதனினும் நீண்ட தோட்டாவை இடுவதும் அழுத்தத்தை மிகுவிக்கும்.

வணிகர் பதிவேடும் சான்றாகும். 1914 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகள் புரட்சியாளர்களால் கைப்பற்றப்பட்டன. அவற்றின் எண்கள் நிறுவனத்தின் குறிப்பில் இருந்தமையால், பின்னர் அகப்பட்டவற்றை அடையாளங்காண முடிந்தது. எண்ணும் ஏடும் ஒத்திருந்தால் ஒரு படைக்கலத்தின் வரலாறு முழுமை பெறும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மதிப்பு

இந்தியாவில் இவற்றின் விலையைச் சட்டமே பெரிதும் வரையறுக்கிறது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமம் உடையவரே வாங்க இயலும். உரிமம் பெற்றவர் மறைந்தால், வாரிசுகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும். உரிய காலத்துள் உரிமம் பெறாமலும் விற்காமலும் இருந்தால் அது அரசுடைமையாகும். வாங்குவோர் சிலராதலின், மலிவுத் துப்பாக்கியின் சந்தை விலை குறைவாகவே இருக்கும். உயர்தர லண்டன் துப்பாக்கியை வாரிசுகள் காக்க முயல்வர். பர்மிங்காம் மலிவுச் சரக்கையோ எளிதில் கைவிடுவர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தமையும் இப்போக்கினை வலுப்படுத்தும்.

இந்நிலையில் மதிப்பை மூன்றாகப் பகுத்து நோக்குதல் தகும். பயன்மதிப்பு குழலின் நிலையையும் சோதனை முத்திரையையும் பொறுத்தது. சந்தை மதிப்பு உரிமத்தையும் வாங்குவோரையும் பொறுத்தது. ஆவண மதிப்போ கடைப்பெயர், முத்திரை, எண் ஆகிய மூன்றும் ஒருசேர எஞ்சியிருப்பதைப் பொறுத்தது. துருவை நீக்குவதாகக் கருதிக் குழலைத் தேய்த்து மெருகேற்றுவோர் இம்மூன்றாவது மதிப்பை அழிக்கின்றனர். அடையாளக் குறியை அழித்தல் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டதும் ஆகும்.

முடிவுரை

கடைப்பெயர் தாங்கிய மலிவுத் துப்பாக்கியில் செய்த ஊரை முத்திரையும், விற்ற ஊரைப் பெயரும் உரைக்கின்றன. இரண்டையும் இணைத்துப் படிக்கும்போதுதான் பர்மிங்காம் பட்டறையிலிருந்து மவுண்ட் ரோடு வரை நீண்ட வணிகத் தொடர்பு புலனாகிறது. விலைமதிப்புள்ளவை அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் எஞ்சும். மலிவானவை பதிவின்றி அழியும். எனவே, அரசுடைமையான பழந்துப்பாக்கிகளை அழிக்குமுன் அவற்றின் மேற்பெயர், அடிமுத்திரை, வரிசை எண் ஆகியவற்றை ஒளிப்படத்துடன் பதிவுசெய்து ஆவணக்காப்பகத்தில் சேர்த்தல் இன்றியமையாதது. அதற்குத் துப்பாக்கியைக் காக்கவேண்டிய தேவை இல்லை. அதன்மேல் எழுதப்பட்டதைக் காத்தாலே போதும்.