இயற்கைச் சூழல் விலங்கு அடைப்பிடம்

இயற்கைச் சூழல் விலங்கு அடைப்பிடம் என்பது, விலங்குக் காட்சிச்சாலையில் வாழும் ஓர் உயிரினத்துக்கு அதன் இயற்கை வாழிடத்தின் நிலத்தோற்றத்தையும் வாழ்க்கைத் தேவைகளையும் இயன்ற அளவு மீள அமைத்துத் தரும் இருப்பிடம் ஆகும். கம்பிக் கூண்டுகளுக்கு மாற்றாக 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை பரவத் தொடங்கியது. இதன் வளர்ச்சியடைந்த வடிவமாகிய நிலத்தோற்ற அமிழ்வு முறையில், பார்வையாளரும் விலங்கு வாழும் அதே நிலத்தோற்றத்தினுள் நடப்பது போன்று பாதைகளும் மரஞ்செடிகளும் அமைக்கப்படுகின்றன. இந்தியாவில் தில்லி தேசிய விலங்கியல் பூங்காவும் சென்னையை அடுத்த வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அகழி சூழ்ந்த திறந்த அடைப்பிடங்களைக் கொண்டுள்ளன. பெரும் பாண்டாவுக்காகக் கட்டப்படும் அடைப்பிடங்கள் இம்முறையின் மிகவும் சிக்கலான எடுத்துக்காட்டுகளுள் அடங்கும்.

மனிதரின் கண்ணுக்கு இயற்கையாகத் தோன்றும் அடைப்பிடம் விலங்குக்கும் அவ்வாறே அமையும் என்பதில்லை. எனவே தோற்றம், பயன்பாடு ஆகிய இரண்டும் இத்துறையில் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன.

வரலாறு

பழைய காட்சிச்சாலைகளில் விலங்குகள் வரிசையான கூண்டுகளில் வைக்கப்பட்டன. கழுவுவதற்கு எளிது என்பதால் தரை பெரும்பாலும் கல்லாலோ காரையாலோ ஆனதாக இருந்தது. செருமனியின் ஆம்பர்கு நகரைச் சேர்ந்த விலங்கு வணிகர் கார்ல் ஏகன்பெக் இவ்வழக்கத்தை மாற்றினார். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு உயரமும் நீளமும் தாண்டும் என்பதைச் சோதித்தறிந்து, அதற்கேற்ற அகலத்தில் அகழிகளை அமைத்தார். இம்முறைக்கு 1896 இல் காப்புரிமை பெற்ற அவர், 1907 இல் இசுட்டெலிங்கன் என்னும் இடத்தில் தமது பூங்காவைத் திறந்தார். அங்கு முன்னால் புல்லுண்ணிகளும் பின்னால் கொன்றுண்ணிகளும் நின்றன. இடையில் இருந்த அகழிகள் பார்வையில் படாததால் அவை ஒரே வெளியில் உலவுவது போல் தோன்றின.

கார்ல் ஏகன்பெக்கின் உறவினரான சான் ஏகன்பெக் இலங்கையில் தொடங்கிய விலங்குத் தோட்டத்தை அந்நாட்டு அரசு 1936 இல் ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய தெகிவளை விலங்கியல் பூங்கா ஆகும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐனி எடிகர், 1942 இல் வெளியிட்ட நூலின் மூலம் காட்சிச்சாலை உயிரியல் என்னும் துறைக்கு அடித்தளமிட்டார். விலங்குக்கு இடத்தின் பரப்பளவைவிட அவ்விடத்தின் தன்மையே முதன்மையானது என்பது அவரது கருத்து. அயலார் நெருங்கும்போது ஒரு விலங்கு விலகி ஓடத் தொடங்கும் தொலைவு விலகு தொலைவு எனப்படும். விலங்கு அத்தொலைவுக்குப் பின்வாங்க இயலாத அடைப்பிடம் அதனை எப்போதும் அச்சத்தில் வைத்திருக்கும் என்று அவர் விளக்கினார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள உட்லேண்டு பார்க்கு விலங்குக் காட்சிச்சாலையில், 1970 களில் கட்டடக் கலைஞர் டேவிட் ஏன்காக்சும் நிலத்தோற்றக் கலைஞர்கள் கிராண்ட் சோன்சு, சோன் கோ ஆகியோரும் நிலத்தோற்ற அமிழ்வு முறையை வகுத்தனர். அங்கு 1979 இல் திறக்கப்பட்ட கொரில்லா அடைப்பிடம் இம்முறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

வடிவமைப்புக் கூறுகள்

ஓர் அடைப்பிடம் விலங்கு, பராமரிப்பாளர், பார்வையாளர் ஆகிய மூவரின் தேவைகளையும் நிறைவு செய்ய வேண்டும். இத்தேவைகள் பல வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

தடுப்பு: நீர் அகழி, உலர் அகழி, கண்ணாடிச் சுவர், மெல்லிய கம்பி வலை ஆகியன பயன்படுகின்றன. அகழி பார்வையை மறைப்பதில்லை. ஆனால் நிலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. நீந்தத் தெரியாத விலங்குகளுக்கு ஆழமான நீர் அகழியும், யானை போன்ற பெரிய விலங்குகளுக்குச் செங்குத்தான உலர் அகழியும் ஆபத்தானவை.

பார்வைக் கோடு: ஒரு பார்வையிடத்தில் நிற்பவருக்கு மற்றொரு பார்வையிடத்தில் உள்ள கூட்டம் தெரியாதவாறு பாதைகள் வளைத்து அமைக்கப்படுகின்றன. விலங்கு பார்வையாளரின் கண்மட்டத்திலோ அதற்கு மேலோ நிற்குமாறு தரை உயர்த்தப்படுகிறது. மேலிருந்து குழிக்குள் நோக்கும் அமைப்பு தவிர்க்கப்படுகிறது.

தரையும் தாவரமும்: மண், மணல், இலைச்சருகு போன்ற மென்மையான தரை கால்களைக் காக்கிறது, தோண்டவும் மோப்பம் பிடிக்கவும் இடமளிக்கிறது. செயற்கைப் பாறைகள் கம்பிச் சட்டத்தின்மீது காரையைப் பீய்ச்சிச் செய்யப்படுகின்றன. வெப்ப நாடுகளில் இவை வெயிலில் சூடேறுவதால் நிழல் இன்றியமையாதது.

ஒதுங்கிடம்: விலங்கு பார்வையாளரின் கண்ணிலிருந்து மறையத்தக்க இடம் கட்டாயம் இருக்க வேண்டும். விலங்கு விரும்பித் தங்கும் நிழலையோ குளிர்ந்த பாறையையோ பார்வையிடத்துக்கு அருகில் அமைப்பதன் மூலம், அதனைக் கட்டாயப்படுத்தாமலே காட்சிக்குக் கொண்டுவர முடிகிறது.

பின்புற அறைகள்: இரவுத் தங்கிடம், மருத்துவம் பார்க்கும் கூண்டு, தனிமைப்படுத்தும் அறை ஆகியவை பார்வையாளருக்குத் தெரிவதில்லை. எனினும் விலங்கு நாளின் பெரும்பகுதியை அங்குக் கழிக்க நேரிடலாம். முன்புறம் பசுமையாக இருந்தும் பின்புற அறை நெருக்கமாக இருந்தால் அடைப்பிடத்தின் பயன் குறைகிறது.

சூழல் வளமூட்டல்: உணவை மறைத்து வைத்தல், புதிய மணங்களை இடுதல், ஏறுவதற்கான மரக்கட்டைகளை மாற்றியமைத்தல் போன்ற செயல்கள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் நடப்பது போன்ற பொருளற்ற மீள்செயல்களைக் குறைப்பது இவற்றின் நோக்கங்களுள் ஒன்று. இயற்கையில் பரந்த எல்லையில் திரியும் கொன்றுண்ணிகளிடம் இத்தகைய மீள்செயல் மிகுதியாக இருப்பதை ரோசு கிளப், சார்சியா மேசன் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பெரும் பாண்டா அடைப்பிடங்கள்

பெரும் பாண்டா சீனாவின் சிச்சுவான், சான்சி, கான்சு மாகாணங்களின் மலை மூங்கில் காடுகளில் வாழ்கிறது. தனித்து வாழும் இவ்விலங்கு நாளொன்றுக்கு 12 கிலோகிராமுக்கும் மேற்பட்ட மூங்கிலை உண்கிறது. நாளில் ஏறத்தாழப் பாதியை உண்பதிலேயே கழிக்கிறது. பெண் பாண்டா ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு அல்லது மூன்று நாட்கள் மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கும். பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம்.

இவ்வியல்புகள் ஒவ்வொன்றும் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அடைப்பிடங்களும், இனப்பெருக்கக் காலத்தில் ஒன்றையொன்று மணத்தாலும் ஒலியாலும் அறிந்துகொள்ள இடையில் வலையிட்ட வாயிலும் தேவைப்படுகின்றன. ஈனுவதற்குச் சிறிய, இருண்ட, அமைதியான அறை வேண்டும். அங்கு நிகழ்வனவற்றைப் பராமரிப்பாளர்கள் நிகழ்படக் கருவி வழியே கண்காணிப்பர். அடைப்பிடத்தில் நடப்படும் மூங்கில் விரைவில் தின்றும் மிதித்தும் அழிக்கப்படுவதால், உணவுக்கான மூங்கில் வேறிடத்தில் வளர்க்கப்படுகிறது. பார்வையாளர் காணும் மூங்கில் புதர்களில் பல, விலங்கின் எட்டுதலுக்கு அப்பால் நடப்பட்டவை.

வெப்பம் மற்றொரு சிக்கலாகும். வாசிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் 2006 இல் திறக்கப்பட்ட பாண்டா அடைப்பிடத்தில் குளிரூட்டப்பட்ட பாறைக் குகைகள் அமைக்கப்பட்டன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள சிங்கப்பூரில் கூரையிட்ட தனிக்காடே கட்டப்பட்டது. கை கை, சியா சியா என்னும் இணை 2012 செப்டம்பரில் அங்கு வந்தது. அடைப்பிடம் அதே ஆண்டு நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கு வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசு அளவில் பேணப்பட்டது. சிச்சுவானின் பருவமாற்றத்தை ஒத்தவாறு வெப்பமும் ஒளி நேரமும் மாற்றப்பட்டன. செயற்கைக் கருவூட்டலின் பயனாக 2021 ஆகத்து 14 அன்று லே லே என்னும் ஆண் குட்டி பிறந்தது. அது 2024 சனவரியில் சீனாவுக்கு அனுப்பப்பட்டது. மலேசியத் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் 2014 முதல் 2025 வரை வாழ்ந்த இணைக்கு மூன்று குட்டிகள் பிறந்தன.

ஆங்காங்கின் ஓசன் பார்க்கில் பத்தாண்டு முயற்சிக்குப் பின், 2020 ஏப்ரலில் யிங் யிங், லே லே என்னும் இணை இயற்கையாகக் கூடியது. அப்போது கொரோனாப் பரவலால் பூங்கா மூடப்பட்டிருந்தது. பார்வையாளர் இல்லாமையே இதற்குக் காரணம் என்று இந்த ஒரு நிகழ்வைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆயினும் பார்வையாளரின் இருப்பும் அடைப்பிடத்தின் ஒரு கூறே என்ற விவாதத்தை இது வலுப்படுத்தியது.

இந்தியக் காட்சிச்சாலைகளில் பெரும் பாண்டா இல்லை. இந்தியாவுக்கு உரியது வேறு குடும்பத்தைச் சேர்ந்த செம்பாண்டா ஆகும். டார்சிலிங்கில் உள்ள பத்மசா நாயுடு இமயமலை விலங்கியல் பூங்காவில் பிறந்த இரு பெண் செம்பாண்டாக்கள் 2003 இல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. மீண்டும் காட்டுக்குச் செல்லவிருக்கும் விலங்குக்கு, மரமேறுதலும் உணவு தேடலும் இடம்பெறும் சூழல் காட்சிக்காக அன்றிப் பயிற்சிக்காகத் தேவைப்படுகிறது.

இந்தியாவில்

தில்லி விலங்கியல் பூங்காவுக்கான திட்டத்தில் தொடக்கத்தில் இலங்கையைச் சேர்ந்த மேசர் ஆபிரி வைன்மன் உதவினார். பின்னர் கார்ல் ஐன்ரிக் ஏகன்பெக் 1956 இல் அகழி அடைப்பிடங்களைப் பரிந்துரைத்தார். பூங்கா 1959 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டது.

நடுவண் விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் 1992 இல் அமைக்கப்பட்டது. அடைப்பிடங்கள் இயன்றவரை இயற்கை வாழிடத்தை ஒத்திருக்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. புலி அல்லது சிங்க இணைக்கு வெளிப்புற அடைப்பிடத்தின் குறைந்த அளவாக 1,000 சதுர மீட்டரும், செம்பாண்டா இணைக்கு 300 சதுர மீட்டரும் வகுக்கப்பட்டுள்ளன. வாரத்தில் ஒரு நாள் காட்சிச்சாலை மூடப்பட வேண்டும் என்பதும் விதியாகும்.

வண்டலூர்

சென்னையில் முதல் விலங்குக் காட்சிச்சாலை, அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்டு பால்போரின் முயற்சியால் 1855 இல் எழும்பூரில் தொடங்கியது. பின்னர் அது மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. நகரின் நெருக்கத்தில் அங்கு விரிவுக்கு இடமில்லாமற் போனதால், 1976 இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. 1979 இல் பணிகள் தொடங்கின. புதிய பூங்காவை அன்றைய முதலமைச்சர் எம். சி. இராமச்சந்திரன் 1985 சூலை 24 அன்று திறந்து வைத்தார்.

வண்டலூரின் சிறப்பு, அது காட்டை நகருக்குள் உருவாக்க முயலாமல் புதர்க்காடாக இருந்த நிலத்தையே பயன்படுத்திக் கொண்டதாகும். பெரிய பாலூட்டிகள் அகழி சூழ்ந்த திறந்த அடைப்பிடங்களில் வைக்கப்பட்டன. வளாகத்தில் உள்ள ஓட்டேரி ஏரிக்கு நீர்ப்பறவைகள் தாமாகவே வருகின்றன. பூங்கா செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படுகிறது.

மரங்கள் அடைப்பிடத்தின் அழகு மட்டுமல்ல, கட்டமைப்பும் ஆகும் என்பதை 2016 திசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் உணர்த்தியது. பெருந்தொகையான மரங்கள் வீழ்ந்து, பல ஆண்டுகளில் உருவான நிழல் ஒரே நாளில் அழிந்தது. 2021 சூனில் இங்குள்ள சிங்கங்களிடையே கொரோனாத் தொற்று பரவி இரு சிங்கங்கள் இறந்தபோது, தனிமைப்படுத்தும் வசதிகளின் தேவை வெளிப்பட்டது.

பூநாரைகளும் பழவேற்காடும்

அடைப்பிடத்தால் எதனை மீள அமைக்க இயலும், எதனை இயலாது என்பதற்குப் பூநாரை தக்க எடுத்துக்காட்டாகும். தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரவியுள்ள பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். குளிர்காலத்தில் இதன் ஆழமற்ற நீரில் பெரும் பூநாரைகள் பெருங்கூட்டமாக இரை தேடுகின்றன.

காட்சிச்சாலையில் இப்பறவைக்குச் சேறும் ஆழமற்ற நீரும் அமைத்துத் தரலாம். காரைத் தரையில் நிற்பதால் பாதங்களில் புண் உண்டாவதை இதனால் குறைக்கலாம். நிறம் மங்காதிருக்கத் தேவையான நிறமிகளை உணவில் சேர்க்கலாம். ஆனால் பெருங்கூட்டமாக வாழ்ந்தாலன்றி இவை எளிதில் இனம் பெருக்குவதில்லை. சில காட்சிச்சாலைகள் கூட்டம் பெரிதாகத் தோன்றுவதற்காகக் கண்ணாடிகளை நிறுத்தியுள்ளன. மேலும், திறந்த குளத்தில் வைக்கப்படும் பூநாரைகள் பறந்து செல்லாதிருக்க அவற்றின் சிறகு நுனி வெட்டப்படுவது பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். கூண்டு தெரியாதிருப்பதற்கான விலையை இங்கு விலங்கின் உடலே தருகிறது. வலையிட்ட பெரும் பறவையகம் இதற்கு மாற்றாகும்.

பழவேற்காட்டுக்கு வருவோர் மீனவர்களின் படகுகளில் சென்று பறவைகளைக் காண்கின்றனர். படகு மிகவும் நெருங்கினால் கூட்டம் எழுந்து விலகுகிறது. எடிகர் கூறிய விலகு தொலைவை அங்குப் பறவைகளே வரையறுக்கின்றன. மீனவர் ஊர்களின் வாழ்வுக்கும் பறவைகளின் இரைக்கும் ஏரியின் நீரும் மீனும் பொதுவானவை என்பதால், இங்குக் காட்சியைப் பேணுவது ஏரியைப் பேணுவதேயாகும்.

விமர்சனங்கள்

பசுமையான காட்சி பார்வையாளரின் மனக்குறையை நீக்குகிறதேயன்றி விலங்கின் குறையை நீக்குவதில்லை என்பது இம்முறை மீதான முதன்மை விமர்சனம். மரங்களையும் புதர்களையும் விலங்கு சிதைக்காதிருக்க மின்கம்பி இடப்படும்போது, அப்பசுமை விலங்குக்குப் பயன்படாத பின்னணியாகிறது. விலங்கு மறைந்திருக்க உரிமை பெற்றால் பார்வையாளர் ஏமாற்றமடைவதும், அவர்கள் குரலெழுப்பி அதனை அழைக்க முற்படுவதும் உண்டு.

பாதுகாப்பும் விவாதத்துக்குரியது. 2014 செப்டம்பரில் தில்லியில் வெள்ளைப்புலி அடைப்பிடத்தின் அகழியில் விழுந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2016 மே மாதத்தில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் சிறுவன் ஒருவன் கொரில்லா அகழியில் விழுந்ததை அடுத்து அராம்பே என்னும் கொரில்லா சுட்டுக் கொல்லப்பட்டது. தடுப்பு கண்ணுக்குத் தெரியாதிருப்பது காட்சிக்கு நன்மையாயினும், ஆபத்தும் தெரியாமற் போகிறது.

இதனால் அண்மைக்கால வடிவமைப்பில், ஓர் அடைப்பிடம் எவ்வளவு காடு போலுள்ளது என்பதைவிட, விலங்கு தன் விருப்பப்படி வெயிலையோ நிழலையோ, துணையையோ தனிமையையோ தேர்ந்துகொள்ள இயலுகிறதா என்பதே முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா
பெரும் பாண்டா
செம்பாண்டா
பழவேற்காடு ஏரி
பூநாரை
தெகிவளை விலங்கியல் பூங்கா